கேஜில் சந்தனம்

தீர்த்தகிரிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அந்த ஆளைக் கண்டால் வயிறு எரியும். ஓசூரில் நாங்கள் வேலை செய்த பட்டறை, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு உருளை வடிவ எஃகுப் பின்கள் செய்து கொடுத்தது. கிரைண்டிங் மெஷினில் பின்னை இழைப்பது என் வேலை. அதன் தரம் பார்ப்பது அவன் வேலை. இந்தச் சரக்கு தேறினால் என்னை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். அப்புறம் பாப்பாரப்பட்டியிலிருந்து மனைவி ஹசீனாவையும் குழந்தையையும் கூட்டி வந்துவிடலாம். எப்போதாவது லீவு கிடைத்தால் போய் முகம் பார்த்துவிட்டு வரும் பிழைப்பு எனக்கு வெறுத்துவிட்டது.

ஆயுத பூஜை முடிந்து மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கிய காலை, தீர்த்தகிரி என் பின்களை அளவு பார்க்கும் கேஜில் விட்டுப் பார்த்தான். கேஜுக்கு இரண்டு தாடைகள். சரியான பின் அவற்றின் நடுவே நுழைய வேண்டும். ஒன்றும் நுழையவில்லை. பருமன் அதிகம் என்று தட்டைத் தள்ளிவிட்டான்.

என் மைக்ரோமீட்டரில் அளவு கச்சிதமாக இருந்தது. கேஜை எட்டிப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பூஜையன்று அவன் பக்தியோடு அப்பிய சந்தனம் தாடைகளின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. பூஜைப் பொட்டை எங்கள் பட்டறையில் யாரும் துடைப்பதில்லை. அதுவாக அழியட்டும் என்று விட்டுவிடுவார்கள். மெஷின் மேல் இருந்தால் யாருக்கு நஷ்டம்? கேஜில் ஒரு மயிரிழைச் சந்தனம் இருந்தாலும் நல்ல பின் கெட்ட பின்னாகிவிடும்.

துடைத்துவிட்டுப் பாருங்கள் சார் என்றேன்.

"சாமிக்கு வெச்ச சந்தனத்தத் தொடைன்னு சொல்ல நீ யாருடா?"

பட்டறையே திரும்பிப் பார்த்தது. நான் கை வைத்திருந்தால், அப்துல் சுபான் சாமி சந்தனத்தை அழித்தான் என்று சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் பேச்சாகியிருக்கும். பக்கத்து மெஷின் குப்புராஜ் துடைத்திருக்கலாம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னும் இழை என்றான் தீர்த்தகிரி. பல்லைக் கடித்துக்கொண்டு இழைத்தேன். பெட்டி பெட்டியாக நல்ல எஃகைத் தேய்த்து, அந்தத் தூளை எண்ணெயோடு சாக்கடையில் விட்டேன்.

பெங்களூரில் மொத்தமும் ரிஜெக்ட். இளைத்துப்போன பின்கள் இனி பழைய இரும்புக்குத்தான் ஆகும். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவரே கேஜை எடுத்து நகத்தால் சுரண்டினார். சந்தனம் உதிர்ந்தது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"நீ சொன்னது நெசந்தான் சுபான்," என்றார் முதலாளி. "ஆனா கேஜ் அளவே தப்புன்னு கம்பெனிக்கு எழுதுனா, இதுவரைக்கும் போன சரக்கெல்லாம் சந்தேகமாயிடும். ஆர்டரே போயிடும். ஆள் தப்புன்னா, ஆள மாத்திட்டோம்னு எழுதிடலாம்."

"எந்த ஆளங்க?"

தீர்த்தகிரி அதற்குள் கேஜைச் சுத்தமாகத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். முதலாளி என் முகத்தைப் பார்க்காமல், மெஷினைக் குப்புராஜிடம் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்.