அடிக்குறிப்பில் பிழை

சனிக்கிழமை மதியம் கடைசி நோயாளி போனதும் பல் டாக்டரம்மா கிளினிக் கதவைச் சாத்திவிடுவார். காத்திருப்பு அறை நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டால் அதுதான் வாசகர் வட்டம். மருந்து நெடியோடு மாதம் ஒரு நாவல்.

அந்த வட்டத்தில் ஒருத்திக்குப் பக்கத்துக் கட்டடத்தில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் வேலை. ஓர நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவள். இந்த மாத நாவலோ அவளை நான்கு நாளாகச் சாப்பிடவிடவில்லை. எல்லைக்கு அப்பால் நடக்கும் கதை, மொழிபெயர்ப்பு. அவள் பிறந்த நாடு அது. வட்டத்தில் யாருக்கும் இது தெரியாது. பதினொரு வருடமாகக் கூடவே வாழும் கணவனுக்கும் தெரியாது. கலவரத்தில் ஆறு வயதில் அம்மாவோடு படகேறி வந்தவள். பிறப்புச் சான்றிதழ்கூடப் பொய். வீட்டுக்குள்ளும் அந்தப் பாஷையைப் பேச அம்மா விடவில்லை. "உயிரே போனாலும் வாயத் திறக்காத. பிடிச்சு அனுப்பிடுவாங்க" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நூத்திப் பன்னிரண்டாம் பக்கம்" என்றார் கணக்கு டீச்சர். "ஓடுற மகளைப் பாத்து அப்பன் ஒரு வார்த்தை கத்துறான். அந்த ஊர்ச் சொல்லை அப்படியே வச்சு, கீழ 'தொலைந்து போ'ன்னு குறிப்பு போட்டிருக்காங்க. பெத்த பிள்ளையை அப்படிச் சொல்ல வாய் வருமா? அந்த ஜனங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாது போல."

யாரோ சிரித்தார்கள்.

"அது திட்டு இல்ல டீச்சர்."

தன் குரல்தான் அது என்று அவளுக்கு உறைக்கவே ஒரு கணம் ஆயிற்று. நிறுத்தவும் முடியவில்லை. "'திரும்பிப் பாக்காமப் போ, நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன்'னு அர்த்தம். பிரியமானவங்ககிட்டதான் சொல்வாங்க."

கரையில் நின்று அவள் அப்பா கடைசியாகக் கத்திய சொல் அது.

போன மாதம்தான் சேர்ந்திருந்த ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்கயோ படிச்சேன் சார்."

"எங்க?"

"ஞாபகமில்ல."

அவர் பார்வையை எடுக்கவில்லை. நாவலைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். வேலை இருக்கிறதென்று முனகிவிட்டுப் படியிறங்கினாள்.

பின்னால் செருப்புச் சத்தம். வேகமாக நடந்தால் அதுவும் வேகமாயிற்று. கண்ணாடிக்கடை முன்னால் நின்று பார்த்தாள். பிம்பத்தில் அவரும் நின்றார்.

"ஒரு நிமிஷம்மா."

விசாரணை, வண்டி, மகளின் பள்ளிக்கூடம் என்று மனம் எங்கெங்கோ ஓடியது.

"என் வீட்டுக்காரியும் அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு நீ சொன்னதையேதான் சொன்னா. சொல்லிட்டு அழுதா" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "அவளும் அங்கிருந்து வந்தவதான். என் உத்தியோகத்துக்கு ஆபத்துன்னு முப்பது வருஷமா மூச்சு விடல. அவ பாஷையில பேச ஒரு ஆளில்ல. தபால் ஆபீசுக்குப் பின்னாலதான் வீடு. நாளைக்கு ஒரு நடை வருவியா?"

"நீங்க வேற யாரையோ நினைச்சுப் பேசுறீங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீடு சேர்ந்தாள். போட்டு வாங்கப் பார்க்கிறாரோ? போலீஸ்காரருக்கு அது புதிதா?

மகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். "என்ன, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிற?"

கதவைத் தாழிட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான். சீருடையை மடித்து ஓரமாக வைத்தான்.

"எங்கிட்டகூடச் சொல்லலியே. எம்மேலயும் பயமா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். கண் சிவந்திருந்தது. "போகணும்னு தோணுதுல்ல? தனியா வேணாம். வண்டியை அணைக்காம வாசல்லயே நிக்கிறேன். ஒண்ணுன்னா ஓடிவந்து ஏறிக்க."

மறுநாள் அப்படியே போனார்கள். அழைப்பு மணியை அழுத்தும்போதும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள். ஈரக்கையோடு ஒரு பெண்மணி கதவைத் திறந்தாள். அந்தப் பாஷையில் ஏதோ கேட்டாள். யார் மகள், எந்தக் கரை. கேட்டது அத்தனையும் புரிந்தது. பதில் சொல்ல நாக்கு புரளவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் பேச்சுதான் அவளிடம் மிச்சமிருந்தது.

"தண்ணி வேணும்" என்றாள் அந்தப் பாஷையில்.

பெண்மணி சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே அழுகையில் கோணியது. வந்தவளின் மணிக்கட்டைப் பற்றி உள்ளே இழுத்துக்கொண்டாள்.