மொட்டைமாடிக்கு ஒரே லைன்

ரிசீவரைக் காதில் வைத்ததுமே விட்டு விட்டு அந்தக் கீச்சொலி கேட்டது.

"செத்துட்டான்னு சொல்றேன்ல! இன்னும் எதுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கீங்க?" என்று அக்கா கத்தினாள்.

மறுமுனையில் இருந்த மோடத்துக்கு எங்கே புரியப் போகிறது? அது தன் பாட்டுக்குக் கீச்சிட்டுவிட்டு ஓய்ந்தது. அவள் ரிசீவரைக் குத்தி வைத்தாள். வைத்த கையோடு மறுபடியும் மணி அடித்தது.

கூடத்தில் தம்பியைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் பல் தேய்க்கப் போனவன் குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டான். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இதயக் கோளாறு மாதிரி தெரியுது. மருந்து ஏதாவது சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர். நான் மருந்துக்கடையில வேலை பாக்கிறவ. எனக்குத் தெரியாம இருக்குமா?" என்று அவள் அடித்துச் சொல்லியிருந்தாள்.

"ஒயரைப் பிடுங்கிடவா மாமா?"

"பிடுங்கிட்டா நான் சொந்தக்காரங்களுக்கு எதுல சொல்றது?" என்றார் மாமா. காலையிலிருந்து அவருக்கு லைன் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது.

எல்லாம் தம்பியின் அறையில் இருந்த கம்ப்யூட்டரால் வந்த வினை. யாரோ கழித்துப்போட்ட அந்தப் பெட்டிக்கு மூடிகூடக் கிடையாது. அதை மோடம் என்ற சின்னக் கருவி வழியாகத் தொலைபேசியோடு இணைத்து 'மொட்டைமாடி' என்று ஒரு போர்டு நடத்தினான். கம்ப்யூட்டரும் மோடமும் வைத்திருப்பவர்கள் இந்த எண்ணுக்கு அழைத்தால் அவனுடைய மோடம் எடுக்கும். உள்ளே வந்து, மற்றவர்கள் எழுதிவைத்ததைப் படித்து, தங்கள் பங்குக்கு வம்பளந்துவிட்டுப் போகலாம். ஒரே லைன் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வர முடியும். அதை அமைத்த நாட்களில் அவன் பட்ட பாடு கொஞ்சமா! மோடம் எடுத்தால் கம்ப்யூட்டர் உறைந்துவிடும். கம்ப்யூட்டர் நின்றால் மோடம் பிடிவாதம் பிடிக்கும். முதல்முறையாக யாரோ உள்ளே வந்தபோது, குழம்புக் கரண்டியோடு நின்றவளை இழுத்துக்கொண்டு போய்த் திரையைக் காட்டினான்.

"நமக்கு மொட்டைமாடியே இல்லையேடா," என்றாள்.

"அதனாலதான்க்கா கட்டினேன்."

பகலில் லைன் வீட்டுக்கு, இரவில் அவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனுக்கு என்று ஒப்பந்தம். இன்று ஞாயிறு. அவள் காலையிலேயே கம்ப்யூட்டரின் பிளக்கை உருவி எறிந்திருந்தாள். அது தெரியாமல் ஊரிலுள்ள மோடம்களெல்லாம் முட்டிக்கொண்டிருந்தன.

வாசலில் ஒரு பெரியவர் தயங்கி நின்றார். "மேஸ்திரி வீடு இதுதானே?"

"இங்க மேஸ்திரி யாரும் இல்ல."

"கம்ப்யூட்டர்ல போர்டு நடத்துவாரே... போர்டு எடுக்கலையேன்னு காலையில போன் பண்ணேன். உங்க மாமாதான் விஷயத்தைச் சொல்லி வழியும் சொன்னார். எனக்கு நம்பர் தெரிஞ்சவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் வந்தார்கள். யாரும் யார் முகத்தையும் முன்பு பார்த்ததில்லை. உடம்பைப் பார்த்துவிட்டுச் சுவரோரமாக நின்று மெதுவாக விசாரித்துக்கொண்டார்கள். பெரியவர் தியேட்டரில் படம் ஓட்டுபவர். போர்டில் அவர் பெயர் ஆந்தை. அச்சகத்தில் வேலை செய்யும் பருமனான பெண் தன்னைக் கொசு என்றாள். "நீங்களா கொசு? நான் ஏதோ பொடிப்பயன்னு நெனச்சேன்," என்றார் ஆந்தை. திக்கித் திக்கித் தன் பெயர் வாயாடி என்று ஒரு நெட்டையன் சொல்லி முடித்தபோது, கொசுவுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அந்த நெட்டையனும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

அக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சாவு வீட்டில் என்ன சிரிப்பு? திட்டுவதற்காகவே எழுந்து போனாள். அதற்குள் ஆந்தை தம்பியின் தலைமாட்டில் குனிந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"ஆபரேஷனை உடனே பண்ணிக்கடான்னு படிச்சுப் படிச்சு எழுதினேனே... கேட்டியா?"

"என்ன ஆபரேஷன்?" என்றாள் அவள்.

கொசு தரையைப் பார்த்தாள்.

"உங்களத்தான் கேக்குறேன். என்ன ஆபரேஷன்?"

"இதயத்துல வால்வு கெட்டுப் போச்சும்மா," என்றார் ஆந்தை. "வீட்டுல சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டான்."

"மருந்து?"

அவர் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான்தான் வாங்கிக் கொடுத்துக்கிட்டிருந்தேன். தியேட்டர் பக்கத்துக் கடையில. உங்க கடையில வாங்கினா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு..."

டாக்டரிடம் தான் அடித்துச் சொன்னது நினைவுக்கு வந்து அவள் முகம் எரிந்தது.

"உங்களுக்கு வெளியூர்ல பெரிய கடையைப் பாத்துக்கிற வேலை வந்திருக்காமே," என்றாள் கொசு மெல்ல. "இவருக்காக முன்னாடியே ஒரு தடவை அப்படி வந்த வேலையை விட்டுட்டீங்களாம். நீங்க கிளம்பிப் போனதுக்கப்புறம் ஆபரேஷன் வெச்சுக்கிறேன்னு எழுதியிருந்தார்."

"எனக்காகவா? நான் கேட்டேனா?" அவள் குரல் கூடத்தையே உலுக்கியது. "அடுத்த ரூம்ல படுத்திருந்தேனே! என்கிட்ட சொல்ல வாய் வரல. மொகம் தெரியாத உங்ககிட்ட எல்லாம் தம்பட்டம் அடிச்சிருக்கான். நீங்களும் பொத்திப் பொத்தி வெச்சிருக்கீங்க. அவன் பேச்சைக் காப்பாத்தினீங்க. அவனைக் காப்பாத்தினீங்களா?"

"அம்மா..." என்றார் ஆந்தை.

"அந்த மருந்துச் சீட்டை நான் ஒரு தடவை பாத்திருந்தா போதும். தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போயிருப்பேன். ஒரு போன் பண்ண முடியலையா உங்களுக்கு? தினமும் இந்த நம்பருக்குத்தானே அடிச்சீங்க!"

அவள் வாசலைக் கைகாட்டினாள்.

"போங்க. எல்லாரும் வெளிய போங்க!"

போனார்கள். தெருவுக்கு மட்டும்தான் போனார்கள். எதிர்ச் சுவரோரமாக வெயிலில் நின்றார்கள்.

வண்டி வந்ததும் சிக்கல். வீடு மாடியில் இருந்தது, படிக்கட்டோ குறுகல். மாமாவுக்கு இடுப்புவலி. வந்திருந்த உறவினர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். யாரும் கூப்பிடாமலே தெருவில் நின்ற போர்டுக்காரர்கள் மேலேறி வந்தார்கள். வாயாடி கால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாகக் காலால் துழாவித் துழாவி இறங்கினான். "மெதுவா... திருப்பம் வருது..." என்று ஆந்தை மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா மேல்படியில் நின்று பார்த்தாள்.

எல்லாம் முடிந்து பிற்பகலில் திரும்பியதும் மாமா கூடத்து நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டார். தொலைபேசி மறுபடியும் தொடங்கியது. அவள் எடுத்தாள். அதே கீச்சொலி. விஷயம் தெரியாத இன்னும் யாரோ.

கதவைத் திறந்து பார்த்தாள். கொசு படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் போகலையா நீ?"

"போகத் தோணல."

"உள்ள வா. இந்த எழவை எப்படி ஆன் பண்றது?"

கொசு தம்பியின் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரின் பிளக்கைச் செருகினாள். பெட்டி இரைந்துகொண்டு எழுந்தது. உள்ளே வருபவர்கள் முதலில் பார்க்கும் பக்கத்தைத் திறந்து, "இங்க எழுதுங்க," என்று விசைப்பலகையை நகர்த்தினாள். அக்கா ஒற்றை விரலால் ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடித் தமிழைக் குத்தினாள். உங்கள் மேஸ்திரி இன்று காலை செத்துவிட்டான். நான் அவன் அக்கா. இனி அழைக்க வேண்டாம்.

"செத்துவிட்டான்னு வேணாமே... காலமானார்னு..."

"செத்துதானே போனான்?"

கொசு அதை அப்படியே பதிவு செய்தாள். உடனே மணி அடித்தது. இந்தமுறை மோடம் எடுத்தது. இரண்டு பக்கமும் கரகரவென்று இழுபறி நடந்து ஓய்ந்தபின், திரையில் யாரோ உள்ளே வந்திருந்தார்கள். கொசுவுக்கே பழக்கமில்லாத ஒரு பெயர்.

"படிக்கிறாங்க," என்றாள் கொசு.

காத்திருந்தார்கள். வந்தவர் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. வெளியேறவும் இல்லை.

"ஏன் போகாம இருக்காங்க?"

"தெரியல. சும்மாவே இருந்தா கொஞ்ச நேரத்துல அதுவே லைனை வெட்டிடும். வெட்டக் கூடாதுன்னா இந்தப் பக்கத்துலேர்ந்து நாம ஏதாவது ஒரு கீயைத் தட்டணும்." கொசு அவள் முகத்தைப் பார்த்தாள். "விட்டுடலாமா?"

அக்கா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கீயைத் தட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தட்டினாள்.