யானிக்கா, ப்ளைத்தா?

இரண்டு பேரையும் அருகருகே நிறுத்தினால் பெற்றவர்களே ஒரு கணம் தடுமாறுவார்கள். ஒரே உயரம், ஒரே எடை, ஒரே வயது. இருவரும் இடது கைக்காரர்கள். அந்த சீசனில் போட்ட கோல்களையும் கொடுத்த பாஸ்களையும் கூட்டினால் இருவருக்கும் ஒரே எண் வந்தது. இருவரும் ஐஸ் ஹாக்கியில் சென்டர்கள், நடுவில் நின்று தாக்குபவர்கள். யானிக் எங்கள் ரெட்பைன் அணிக்கு ஆடினான், ப்ளைத் கார்னெட் பே அணிக்கு.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரில் வேறு பேச்சே கிடையாது. மில் கேண்டீனில் இதே சண்டை, பெட்ரோல் பங்க்கில் இதே சண்டை. ஏரியின் உறைந்த பரப்பில் துளை போட்டு, குடிசைக்குள் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர்கள்கூட தூண்டிலை விட்டுவிட்டு இதற்கே அடித்துக்கொண்டார்கள். என்னையும் இழுப்பார்கள். நான் இரண்டு பேருக்கும் பக்கத்தில், வலது ஓரத்தில், விங்காக ஆடியவன். ப்ளைத்தோடு இரண்டு சீசன், அப்புறம் யானிக்கோடு மூன்று. நான் பதில் சொன்னதில்லை. எதைச் சொன்னாலும் பாதி ஊர் அடிக்க வரும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். கோடையில் பேப்பர் மில்லில் ராத்திரி ஷிப்ட், குளிர்காலத்தில் கீழ் லீக்கில் ஹாக்கி. எனக்கு அந்த ஊர் வேண்டும்.

இறுதித் தொடர் எங்கள் இரண்டு அணிகளுக்கும் இடையில்தான் வந்தது. ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்திருந்தோம். கடைசி ஆட்டம் எங்கள் அரங்கில், ஞாயிற்றுக்கிழமை மதியம். கோப்பை ஒரு பக்கம் இருக்கட்டும். மேல் லீக் கிளப் ஒன்றிலிருந்து ஓகில்வி என்பவர் வந்திருந்தார். அடுத்த சீசனுக்கு அவர்களுக்கு ஒரு சென்டர் தேவை. ஒரே ஒரு சென்டர். இரண்டு பேரில் யார் என்று முடிவு செய்ய முடியாமல்தான் அவர் அந்தக் குளிரில் எங்கள் ஊருக்கு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வயதில் கூப்பிடாவிட்டால் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள். அது யானிக்குக்கும் தெரியும், ப்ளைத்துக்கும் தெரியும்.

"வந்திருக்காராடா கிழவா?" என்றான் யானிக், ஸ்கேட் கயிற்றை இழுத்துக் கட்டியபடி. எனக்கு அவனைவிட மூன்று வயதுதான் அதிகம்.

"வந்திருக்காரு. பத்தாவது வரிசை."

"மூஞ்சி எப்படி இருக்கு?"

"ஒண்ணுமே இல்லாத மூஞ்சி. பனி மூடின ரோடு மாதிரி."

"யாரைப் பார்க்கறாரு?"

"இப்போதைக்குக் காபியை."

அவன் சிரித்தான். ஆனால் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். அதற்குப் பிறகு இன்னொரு தடவையும் கட்டினான்.

முதல் இரண்டு பகுதிகளில் இருவரும் தலைக்கு ஒரு கோல் போட்டார்கள். மூன்றாவது பகுதியில் நாங்கள் மூன்றுக்கு இரண்டு என்று முன்னால் போனோம். ஆனால் பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, ஐஸில் போடும் புள்ளியில் ப்ளைத் யானிக்கை விடாமல் தோற்கடித்துக்கொண்டிருந்தான். லைன்ஸ்மேன் பக்கைக் கீழே விடுவார், ப்ளைத்தின் மட்டை ஒரு கண்சிமிட்டலில் அதைக் கொத்திக்கொண்டு போகும். அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு பக்கம். யானிக்கின் மணிக்கட்டு களைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரிந்தது. பத்தாவது வரிசைக்கும் தெரிந்திருக்கும்.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. கார்னெட் பே தங்கள் கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டு, அவருக்குப் பதில் ஆறாவது தாக்குதல்காரனை இறக்கியது. அவர்கள் கோல் காலி. எங்கள் கோல் முன்னால் கூட்டம். எங்கள் கோல்கீப்பர் பக்கின் மேல் விழுந்து அமுக்கினார். விசில். அவருக்கு வலது பக்க வட்டத்தில் பக் போட வேண்டும்.

எங்கள் எல்லைக்குள் பக் போட்டால் எங்கள் ஆள்தான் முதலில் மட்டையை ஐஸில் வைக்க வேண்டும். வைத்தபின் பக் விழும்வரை அசையக் கூடாது. அசைந்தால் புள்ளியை விட்டு வெளியே போ, உன் விங் வந்து நிற்கட்டும். அவனும் அசைந்தால் எங்களுக்கு இரண்டு நிமிஷம் ஓர் ஆள் குறைவு. ப்ளைத்தின் பிழைப்பே இந்த விதியில்தான் ஓடியது. வேண்டுமென்றே தாமதமாக வருவான், மட்டையை அந்தரத்தில் ஆட்டுவான், எதிராளியின் அம்மாவைப் பற்றி விசாரிப்பான். எதிராளி துடித்து அசைவான். அப்புறம் பக் எடுக்கத் தெரியாத ஒரு விங்கோடு ப்ளைத்துக்கு விளையாட்டு. அவனுடைய நல்ல எண்களில் பாதி அப்படி வந்தவை.

இப்போதும் அப்படியே வந்தான். "என்ன யானிக், கை வலிக்குதா? ஊதி விடட்டுமா?"

யானிக் அசைந்தான். கொஞ்சநஞ்சம் இல்லை; நேற்று ஸ்கேட் போட்டவனைப் போல மட்டை முழுசாக முன்னால் பாய்ந்தது. லைன்ஸ்மேன் கட்டைவிரலை வெளியே காட்டினார். அரங்கம் முழுக்க ஒரு முனகல். எங்கள் கோச் டன்பார் தடுப்புப் பலகையை உதைத்தார்.

"யானிக்! மூளையை எங்கடா அடகு வெச்சே!"

நான் பத்தாவது வரிசைப் பக்கம் பார்க்கவில்லை.

யானிக் என் இடத்துக்கு வந்தான். நான் அவன் இடத்துக்குப் போக வேண்டும். கடந்து போகும்போது அவன் கையுறையால் வாயை மறைத்துக்கொண்டான்.

"தோத்துடு."

"என்னது?"

"அசையாம நில்லு. பக் விழுந்ததும் மட்டையைத் தூக்கிடு. அவன் எடுத்துக்கட்டும்."

"கிறுக்குப் பிடிச்சுதா உனக்கு?"

"விங் ஆளு எதிர்ல நின்னா அவன் எங்க இழுப்பான்? நீதானே ரெண்டு வருஷம் அவன் பக்கத்துல நின்னே."

எனக்குத் தெரியும். விங் நின்றால் ப்ளைத் யோசிக்கவே மாட்டான். இடது தோளுக்குப் பின்னால், பலகை ஓரம் நிற்கும் தன் அணித் தடுப்பாட்டக்காரனுக்கு, நேர்கோட்டில் இழுப்பான். எப்போதும் அங்கேதான். அந்தக் கோட்டின் ஓரத்தில் இப்போது யானிக் நின்றுகொண்டிருந்தான்.

"அப்ப நீ வேணும்னேதான் அசைஞ்சியா?"

"என்கிட்டன்னா தடவைக்குத் தடவை மாத்தறான். உன்கிட்ட மாத்த மாட்டான். உன்னை ஒரு ஆளாவே மதிக்க மாட்டான்."

"ரொம்ப சந்தோஷம்."

"போ கிழவா. நீ தொட்டுட்டா பக் எங்கயாவது தெறிச்சுடும். தொடாதே."

புள்ளியில் போய்க் குனிந்தேன். மட்டையை வைத்தேன். ப்ளைத் சிரித்தான்.

"அட, ஆர்வோ! மில்லுல ஷிப்டுக்கு நேரமாகலையா?"

அவனோடு ஆடிய இரண்டு வருஷமும் நான் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. அவன் தவறவிட்ட கோலுக்கு என் பாஸ் காரணம். நான் போட்ட கோலுக்கு அவன் காரணம். இந்த ஆளை ஒரே ஒரு தடவை புள்ளியில் வைத்து மூக்குடைக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். இப்போது பார்த்தால் அவன் முழங்காலைக்கூடச் சரியாக மடக்கவில்லை. மட்டையைப் பிடித்த கை தளர்ந்திருந்தது. எடுத்துவிடலாம். சத்தியமாக எடுத்துவிடலாம் போலிருந்தது. லைன்ஸ்மேனின் விரல்கள் திறந்தன.

தூக்கினேன்.

ப்ளைத்தின் மட்டைக்குத் தடையே இல்லை. பக் கத்தியால் கீறியது போல இடது பக்கம் பின்னோக்கிப் போனது. அது அவன் மட்டையைத் தொடும் முன்பே யானிக் கிளம்பிவிட்டிருந்தான் என்று பிறகு சிலர் சொன்னார்கள். பொய். அவன் சரியான நேரத்தில் கிளம்பினான், அவ்வளவுதான். தடுப்பாட்டக்காரன் பக்கை வாங்கக் கீழே குனிந்தான். யானிக்கின் மட்டை நுனி அவனுக்கு முன்னால் நுழைந்து, பக்கைப் பலகையில் தட்டி, அவனைத் தாண்டி விட்டது. தடுப்பாட்டக்காரன் திரும்புவதற்குள் யானிக் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தான்.

எதிரே யாரும் இல்லை. நீளமான வெள்ளை ஐஸ், கடைசியில் ஒரு காலி வலை.

தூரத்திலிருந்தே அடித்திருக்கலாம். அவன் அடிக்கவில்லை. கோலின் வாசல் வரை கொண்டுபோய், கதவைச் சாத்துகிறவன் போல மெதுவாக உள்ளே தள்ளினான். நாலுக்கு இரண்டு.

அரங்கத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. தொப்பிகள் பறந்து வந்து ஐஸில் விழுந்தன. டன்பார் முன்பு உதைத்த அதே பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். மில் ஆட்கள் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து யாரோ என் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. மீதி வினாடிகள் ஓடின. சங்கு ஊதியது. நாங்கள் யானிக்கின் மேல் விழுந்தோம். அடியில் கிடந்து அவன் பிரெஞ்சில் எங்கள் ஏழு தலைமுறையையும் திட்டினான்.

தொடர் முடிந்தால் இரண்டு அணிகளும் வரிசையில் வந்து கை குலுக்க வேண்டும். ப்ளைத் என்னிடம் வந்தபோது கையை விடவில்லை.

"நீ மட்டையைத் தூக்கினே."

"ஆமா."

"தோத்துக் குடுத்தே."

"ஆமாங்கறேனே."

அவன் திரும்பி, வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற யானிக்கைப் பார்த்தான். முகத்தில் கணக்கு ஓடியது. அசைந்தது, வெளியே போனது, விங் இடத்தில் நின்றது. "நாய்ப்பயலே," என்றான். அவன் வாயிலிருந்து யாருக்கும் அதற்கு மேல் பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. யானிக் அவன் தலைக்கவசத்தில் ஒரு தட்டு தட்டினான்.

உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் ஓகில்வி நின்றிருந்தார். கையில் காபி இல்லை.

"பக் போடற இடத்துல வெளிய போனியே," என்றார் யானிக்கிடம், "பயத்துலயா, திட்டம் போட்டா?"

"திட்டம் போட்டுத்தான் சார்."

"உங்க கோச்சுக்குத் தெரியுமா?"

"இல்ல சார். கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டாரு."

"தப்பாப் போயிருந்தா?"

"இன்னேரம் நீங்க ப்ளைத்கிட்ட பேசிக்கிட்டிருப்பீங்க."

அந்த ஒன்றுமில்லாத மூஞ்சியில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. "ரெண்டு பேரும் புள்ளியில என்ன பண்ணுவீங்கன்னு எனக்கு மனப்பாடம். புள்ளியை விட்டு வெளிய நின்னா என்ன பண்ணுவீங்கன்னு யாரும் எனக்குக் காட்டல." அவர் கையை நீட்டினார். "வியாழக்கிழமை காண்ட்ராக்ட் பேப்பரோட வர்றேன். அதுக்குள்ள கையை உடைச்சுக்காதே."

யானிக் கை குலுக்கினான். ஓகில்வி போனபிறகும் கை நீட்டியபடியே நின்றான். நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். உள்ளேயிருந்து கதவைத் திறந்து, எங்கள் கோல்கீப்பர் ஒரு வாளி ஐஸ் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தார். அப்போதுதான் அவனுக்குச் சத்தம் வந்தது. கூரை வரை கேட்கும் ஒரு கூச்சல். நாங்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டோம்.