நாற்பத்தொன்றாம் நம்பர்

தேயிலை விலை விழுந்த வருடம். பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று ஒரு மாதம் முழுக்க நான் கொழுந்து பறிக்கவில்லை. வம்பு அதில்தான் வந்தது.

அப்போது தொழிற்சாலையில் சீட்டு இருந்தால்தான் கொழுந்து வாங்குவார்கள். மாதம் பிறந்ததும், போன மாத எடையைப் பார்த்து கம்ப்யூட்டர் சீட்டு அடிக்கும். கோயமுத்தூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரப் பையன் கீர்த்திவாசன் வைத்த ஏற்பாடு. எனக்கு அந்தப் பெட்டியையும் பிடிக்காது, அவனையும் பிடிக்காது.

அன்று காலை மூட்டையோடு போனேன். நாற்பது சீட்டு வந்தது. என் நம்பர் நாற்பத்தொன்று. பெட்டி நின்றுவிட்டது.

"பெரியவரு போன மாசம் ஒரு மூட்டையும் போடலைங்க. அதான் நிக்குது," என்றான் கீர்த்திவாசன்.

எனக்கு அடுத்த நம்பர் பொன்னாயி. "கொழுந்து போடாத ஆளுக்கு நம்பர் எதுக்குங்க தம்பி? பேரை அடிச்சு உடுங்க. மூட்டைக்குள்ள எங்க கொழுந்து வேவுது."

"உன்ற வாய்தான் வேவுது."

நம்பர் போனால் அந்த வருடம் எந்தத் தொழிற்சாலையும் புது ஆளைச் சேர்க்காது. என் ஒரு ஏக்கர் காடாகிவிடும். நான் கத்தக் கத்த அவன் கம்ப்யூட்டரிலிருந்து என் பேரை எடுத்துவிட்டான். பெட்டி ஓடியது. ஐம்பத்தேழில் மறுபடி நின்றது.

ஐம்பத்தேழு, பொன்னாயி மகன் லோகு. திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போயிருந்தான்.

"இப்பச் சொல்லு, அடிச்சு உடச் சொல்லு," என்றேன்.

"என்ற பையன் நம்பர்ல கைய வெக்காதீங்க தம்பி!"

நான் மேசையில் தட்டினேன். "நோட்டுல எழுதுன காலத்துல கொழுந்து போடாதவனுக்கும் ஒரு பக்கம் இருந்துச்சு. வெறும் பக்கம்னு பார்த்துப் புரட்டிட்டுப் போனாங்க. நீ எப்படா பக்கம் போடுவே?"

"மொத மூட்டை வந்தாத்தானுங்க."

"மூட்டை வராதவனுக்கு?"

"பக்கமே இருக்காதுங்க. இல்லாத பக்கத்தைப் படின்னா பெட்டி..."

"காலிச் சாக்கை உதறுனா ஒண்ணும் விழாது. சாக்கே இல்லாம எதைடா உதறுவே?"

அவன் பெட்டிப் பக்கம் திரும்பித் தட்டினான். "பக்கம் இல்லீன்னா காலிப் பக்கம்னு எடுத்துக்கன்னு பெட்டிக்குச் சொல்லிட்டேனுங்க. இனிமே ஆளைச் சேர்க்கறப்பவே ஒரு காலிப் பக்கமும் போட்டுடறேன்."

"மொதல்ல என்னைச் சேத்துடா."

"கடைசி நம்பர்தானுங்க வரும்."

"என்ற நம்பர் நாப்பத்தொண்ணு."

அவன் அதைத் தட்டும்வரை நான் மேசையை விட்டு நகரவில்லை. சீட்டு வந்தது. எடை என்ற இடத்தில் சைபர். லோகுவுக்கும் அப்படியே வந்தது. கடைசி ஆள்வரை பெட்டி நிற்கவில்லை.

பொன்னாயி தன் மூட்டையைத் தராசுக்கு இழுத்தாள். நான் காலைக் குறுக்கே வைத்தேன்.

"நாப்பத்தொண்ணு போயித்தான் நாப்பத்திரண்டு."