ஆரஞ்சுத் தோல் ஊறிய ரம்

வாயில் ரம் வாடை அடித்தது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் மரச்சாமான் பாலிஷ்காரர் தன் மகனைக் கன்னத்தில் அறைந்து வீட்டைவிட்டுத் துரத்தினார். அந்த அறையின் சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு தானாகத் திறந்துகொண்டது என்று தெருவில் பேச்சு. வருஷங்கள் போன பிறகு, அதே ரம்மைக் காட்டியே அவனைத் திரும்பக் கூப்பிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஆரஞ்சுகளைத் தோலோடு வட்டவட்டமாக நறுக்கினார். பட்டையும் சர்க்கரையும் போட்டு, பெரிய கண்ணாடி ஜாடியில் ரம்மை ஊற்றி மூடினார். மகனுக்குப் போன் போட்டார்.

"வாடா. அப்பாவே போட்டு வச்சிருக்கேன். நீ வந்துதான் வடிகட்டணும்."

"அடுத்த வாரம் பாக்கறேன்ப்பா."

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் ஏதோ வேலையாம்.

"ஏங்க, தோலை நாலஞ்சு நாள்ல எடுத்துடணுமாம். இல்லேன்னா கசந்துடும்னு கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!" என்றாள் மனைவி.

"அவனுக்கென்ன தெரியும்? பாலிஷுக்குப் போடற அரக்கே ஸ்பிரிட்ல ஊற ஊறத்தான்டி மினுக்கு."

"இது நாற்காலிக்குத் தடவறதா, மனுஷன் குடிக்கறதா?"

"பையன் வந்துதான் மூடியத் தொறக்கணும். நீ சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். ஜாடி சும்மா இருக்கவில்லை. மூடியைச் சுற்றி வந்த எறும்புகள் சர்க்கரையையே வெறுத்துப்போய், குடும்பத்தோடு சமையலறையைக் காலி செய்தன. ஜாடியை மோந்து பார்த்த பக்கத்து வீட்டுப் பூனை மாடிப்படியில் மூன்று தடவை உருண்டது என்பார்கள். அது பொய். இரண்டு தடவைதான்.

தோல் கறுத்து, சுளை கூழாகிப்போன ஒரு மத்தியானம் மகன் வந்தான். ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்க வந்தவன் மாதிரி, கையில் ஒரு பையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"வடிகட்டறியாடா?"

"நீங்களே பண்ணிடுங்கப்பா."

முன்பெல்லாம் அவரிடம் 'நீ, வா, போ' என்றுதான் பேசுவான்.

அவரே வடிகட்டித் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். மகன் குடித்தான். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

"நல்லா இருக்குப்பா."

"இன்னும் கொஞ்சம்?"

"போதும்ப்பா. கிளம்பறேன்."

அவன் போன பிறகு பாலிஷ்காரர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். நாக்கு தொண்டைக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. சின்ன வயதில் மருந்து துளி கசந்தாலும் அவர் சட்டைமேலேயே துப்பி, வீடு அதிரக் கத்தியவன் அவன்.

"என்ன சொன்னான்?" என்று உள்ளேயிருந்து வந்தாள் மனைவி.

"நல்லா இருக்காம்."

"அப்ப கோவம் போயிடுச்சுன்னு சொல்லுங்க!"

"துப்பியிருந்தான்னா போயிருக்கும்," என்றார் அவர்.