நான் சொன்ன ஆமென்

அடக்க ஆராதனையில் போதகர், "இன்று நம் சகோதரர் தம் அன்பு மனைவியோடு பரலோகத்தில் சேர்ந்துவிட்டார்" என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். பழக்கதோஷம், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த அன்பு மனைவி நான் இல்லை. அவருடைய முதல் மனைவி, இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவள். நான் இரண்டாவது. இருபத்தாறு வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டவள்.

எனக்குத் தையல் வேலை. பழைய உடுப்புகளைப் பிரித்து அளவு சரி செய்து கொடுப்பேன். நோயில் அவர் பாதியாய் இளைத்திருந்தார், கோட்டு தொளதொளவென்று தொங்கியது. பெட்டிக்குள் படுக்கும்போது பார்க்க நன்றாக இருக்க வேண்டுமே என்று இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அக்காவிடம், அதுதான் அந்த முதல் மனைவியிடம், போவதற்கு அவரை நானே அளவெடுத்து அனுப்பி வைத்திருக்கிறேன். போதாக்குறைக்கு ஆமென் வேறு.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அழாதே என்றார்கள். அங்கே அவர் சந்தோஷமாக இருக்கிறார், நீ அழுதால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடும் என்றாள் நாத்தனார். சந்தோஷமாக இருக்கிறார் என்பதுதானே என் பிரச்சினை. அதை அவளிடம் சொல்ல முடியுமா? மிஷினை மிதித்துக்கொண்டே அழுதேன். யாராவது கேட்டால் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு வாரம் பொறுத்துப் போதகரிடமே போனேன். நான் சொன்ன ஆமெனைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். அங்கே யாரும் யாருக்கும் புருஷன் பெண்டாட்டி இல்லை, எல்லோரும் தேவதூதர்கள் மாதிரிதான் என்று விளக்கினார். அப்படியானால் அக்காவுக்கும் அவர் இல்லை என்று ஒரு நிமிஷம் வயிறு குளிர்ந்தது. வாசலைத் தாண்டுவதற்குள் எனக்கும் இல்லை என்பது புரிந்துபோனது. ஆறுதல் தேடிப் போனவள் இன்னும் குழம்பித் திரும்பினேன்.

மறுநாள் கல் வெட்டுகிறவரின் கடைக்கு மகளோடு போனேன். அக்கா பெற்ற மகள். அவளுடைய இரண்டு வயதில் தாய் போனாள், நாலு வயதில் நான் வந்தேன். பழைய கல்லை எடுத்துவிட்டு அவருக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒரே கல்லாக வைப்பதாக ஏற்பாடு. கல் வெட்டுகிறவர் ஒரு காகிதத்தில் இரண்டு பெயர்களையும் எழுதி, கீழே 'மீண்டும் சந்திப்போம்' என்று போட்டு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார்.

"உங்களுக்கும் இடம் விடணுமாம்மா? இப்பவே சொல்லிடுங்க. வெட்டினப்புறம் நடுவுல நுழைக்க முடியாது."

இரண்டு பேர் சேர்ந்துகொண்ட இடத்தில் மூன்றாவதாக நான் எதற்கு? என் பெயர் எங்காவது ஓரமாகத் தனிக் கல்லில் கிடக்கட்டும். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"மூணு பேருக்கு விடுங்க" என்றாள் மகள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சித்தி, எனக்கு அம்மா முகம் ஞாபகமே இல்ல. எல்லாம் ஃபோட்டோல பாத்ததுதான். நாளைக்கு நான் அங்க போனா யாருகிட்ட போய் நிப்பேன்? நீங்கதான் என் கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போயி, இவங்கதான் உங்கம்மான்னு காட்டணும்."

கடையிலேயே அழுதுவிட்டேன். அங்கே நிஜமாகவே தூசி இருந்தது.

இன்று காலை அக்காவின் படத்தைத் துடைத்தேன். இருபத்தாறு வருஷமாகத் துடைக்கிறேன், கண்ணாடியைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர முகத்தைப் பார்த்ததில்லை. இடது புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு மச்சம் இருக்கிறது. அடையாளத்துக்கு ஆகும். மகள் அங்கே வருவதற்குள் நான் முன்னால் போய் அக்காவோடு பழகி வைத்திருக்க வேண்டும். முதலில் அவரைப் பற்றிப் பேசுவாளோ, மகளைப் பற்றிக் கேட்பாளோ? அங்கே யாருக்கு யார் என்ன முறை? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா என்றுதான் இத்தனை நாளும் சொல்லிப் பழக்கம். ஆனால் படத்தில் இருப்பவளுக்கு இருபத்தாறு வயது. என் மகளைவிடச் சின்னவள்.