சொல்லாமல் வெட்டினால் வெறும் கறி

கறிக்கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் பெரியகத்தி. கத்தி பெரிதாக இருந்ததால் வந்த பெயர் இல்லை, வாய் பெரிதாக இருந்ததால் வந்தது. எலும்பை வெட்டுகிற அதே வேகத்தில் எதிரே நிற்பவர் பேச்சையும் வெட்டிவிடுவார். "தொடையில இவ்வளவு கொழுப்பு இருக்கே" என்று யாராவது முனகினால், "ஆட்டுக்கு ஓட்டப்பந்தயமா வச்சேன்? இருக்கத்தான் செய்யும்" என்பார். சும்மா சொல்லக்கூடாது, ஆள் தொழிலில் புலி. இருபத்திரண்டு வருஷத்தில் விரலில் ஒரு கீறல் கிடையாது என்று மார்தட்டிக்கொண்டிருந்தவர். அப்பேர்ப்பட்டவர் இந்த எட்டு மாதத்துக்குள் மூன்று தடவை தன் கையையே வெட்டிக்கொண்டார். மூன்றாவது தடவை நாலு தையல்.

ஏன் என்று தெருவுக்குத் தெரியாது. அவருக்கு நன்றாகத் தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம், கடையின் குளிர் அறைச் சுவரில் கட்டியிருந்த பனியைச் சுரண்டுவதற்காக அவர்தான் சுவிட்சை அணைத்தார். நடுவில் ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனவர், சுவிட்சை மறந்தார். கடையில் அவரோடு வேலை பார்த்த மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி, ஒன்றும் தெரியாமல் வழக்கம்போலப் பூட்டிவிட்டுப் போனார். மறுநாள் விடியலில் முதலில் வந்தது பெரியகத்தி. குளிர் அறை அணைந்து கிடப்பதைப் பார்த்தார், போட்டார், கறியைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தார். "ஒண்ணும் ஆகல" என்று தன் மூக்குக்குத் தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு வெட்டி விற்றார். அன்று சாயங்காலமே ஏழு வீட்டில் வாந்தி. எதிர்க்கடைத் தையல்காரம்மாவின் மகள் நாலு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிக்கொண்டு கிடந்தாள்.

சுகாதார அதிகாரி வந்து, "நேத்து கடைசியா கடையைச் சாத்தினது யாரு?" என்று கேட்டார்.

"மச்சான்தான் சார்" என்றார் பெரியகத்தி.

அது உண்மை. மச்சான்தான் சாத்தினார். மீதியைத் தெருவே சேர்த்துக்கொண்டது. மச்சான் மாமாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார், அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார், போய்விட்டார். இப்போது காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். கறி வெட்ட அவரை எந்தக் கடைக்காரரும் சேர்க்கவில்லை. பிள்ளைக்கு விஷம் கொடுத்தவன் என்று ஆகிவிட்டதே, எப்படிச் சேர்ப்பார்கள்? கூடப்பிறந்த அக்காவே, அதாவது பெரியகத்தியின் மனைவி, தம்பியோடு பேச்சை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது.

இப்படி இருக்கையில்தான் நாலு தையல் போட்ட கையைப் பார்க்கப் பெரியகத்தியின் அக்கா வந்தாள். உலகத்தில் எது நடந்தாலும் அக்காவுக்குக் காரணம் ஒன்றுதான், பாவம். அதற்கு வழியும் ஒன்றுதான், ரத்தம்.

"அந்தப் பிள்ளை கிடந்து துடிச்சுதே, அந்தப் பாவம்டா. உன் கடையில நடந்தது, உன்னைச் சுத்துது. அதான் சொட்டுச் சொட்டா உன் ரத்தத்தைக் கேக்குது. நீயா ஒரு உசிரைக் கொடுத்துட்டா விட்டுடும். நான் மட்டும் சொல்லல. நேத்து சந்தையில உன் மச்சானைப் பார்த்தேன். இப்படிக் கையை வெட்டிக்கிட்டே இருக்கானே, என்னதான்ப்பா வழின்னு கேட்டேன். பட்டுனு சொன்னான், 'மாமா பலி எடுத்தாத்தான் தீரும்'னு."

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மச்சானுக்கு ழ வராது. சின்ன வயதிலிருந்தே வராது. வாழைப்பழம் அவர் வாயில் வாலப்பலம். "மலை வருது, துணியை எடுங்க" என்று ஒருநாள் அவர் கத்தப்போய், அதற்கப்புறம் ஒரு வருஷம் தெருவே மானத்தை வாங்கியது. அவர் பெரியகத்தியின் அக்காவிடம் சொன்னது பழி. தன் மேல் போட்ட பழியை மாமாவே எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அக்கா காதில் விழுந்தது பலி. பலி என்றால் அவளுக்குக் காது கொஞ்சம் நீளவும் செய்யும்.

பெரியகத்திக்குக் கேட்டவுடனே புரிந்துவிட்டது. பதினொரு வருஷம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவருக்கு அந்த ல எந்த ல என்று தெரியாதா? திருத்துவதற்காக வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். பழியை எடுக்க வேண்டுமென்றால் தெருவில் நின்று பேச வேண்டும். பலி எடுக்க வேண்டுமென்றால் கத்தியை எடுத்தால் போதும். தினமும் நாலு ஆடு வெட்டுகிறவருக்கு ஐந்தாவது ஒரு பாரமா?

"மச்சானே கேட்டுட்டாரா? அப்ப கொடுத்துடுவோம்க்கா" என்றார். அட பாவி மனுஷா!

அன்று சாயங்காலம் விஷயம் பெரியகத்தியின் தம்பி காதுக்குப் போய், அவர் விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர். வாரத்தில் மூன்று நாள் பிரார்த்தனைக் கூடத்தில் பேசுகிறவர். உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தார்.

"அக்கா, ரத்தம் சிந்தாம மன்னிப்பு இல்லைங்கிறதுல எனக்கும் உனக்கும் சண்டையே இல்ல. ஆனா அது ஒரே தடவை, சிலுவையில, எல்லாருக்காகவும் சிந்தியாச்சு. அதுக்கு மேல ஒரு ஆட்டை வெட்டினா, அது பத்தலைன்னு சொல்ற மாதிரி."

"என்னைக்கோ சிந்தின ரத்தம் எட்டு மாசம் முன்னால இவன் கடையில நடந்ததுக்கு எப்படிடா ஆகும்?"

"ஆடு மட்டும் எப்படி ஆகும்? அது என்ன பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல. குத்தமில்லாத உசிரு. அதனாலதான்டா அது போகுது."

"அதேதான்க்கா நானும் சொல்றேன்! குத்தமில்லாத ஒருத்தர் ஏற்கெனவே போயாச்சு!"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமலே கேட்டாள். "எப்பவும் குத்தமில்லாதவங்கதான் போகணுமா?"

அவள் யாரையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. ஆனால் பெரியகத்தியின் கையிலிருந்த டீ மடியில் கொட்டியது. துடைத்துக்கொண்டே பேச்சை மாற்றுவதற்காகத் தன் பெரிய வாயைத் திறந்தார். "ரத்தத்துக்கு அப்படி ஒரு சக்தி இருந்தா, என் கடைக்குப் பின்னால ஓடுற சாக்கடைதான் உலகத்துலயே சுத்தமான இடம்."

"நீ சும்மா இரு!" என்று அக்காவும் தம்பியும் ஒரே குரலில் பாய்ந்தார்கள். அதன்பிறகு இன்னொரு விஷயத்திலும் ஒத்துப்போனார்கள். அதுதான் வினையாகிவிட்டது.

"ஆடு இருக்கட்டும்ண்ணே. என்ன பண்ணினேன்னு முதல்ல வாயால ஒத்துக்கணும். அது இல்லாம எந்த மன்னிப்பும் கிடையாது" என்றார் தம்பி.

"இதை நீ எனக்குச் சொல்லித்தரியா? ஆட்டுத் தலையில கையை வச்சு, பண்ணினதைச் சத்தமா சொல்லணும். நாலு பேர் காதுல விழணும். சொல்லாம வெட்டினா அது வெறும் கறிடா."

"சொல்லிட்டாப் போச்சு" என்றார் பெரியகத்தி. வாயால் பிழைக்கிறவருக்கு ஒரு வாக்கியம் கிடைக்காதா?

வியாழக்கிழமை காலை. கடைக்கு முன்னால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, அதற்கு வெளியே எட்டுப் பேர் பையோடு நின்றார்கள். பின்பக்க முற்றத்தில் சிமெண்டுத் தரையைக் கழுவி விட்டு, பழுப்பு நிறத்தில் ஒரு கிடாயைக் கொண்டுவந்து நிறுத்தினார் பெரியகத்தி. உதட்டைப் பிதுக்கிப் பல்லைக் காட்டினார். "பார்த்துக்க அக்கா. ரெண்டு பல்லு போட்டிருக்கு, வயசு சரி. காது கிழியல, கால்ல குறை இல்ல." அக்காவுக்குத் திருப்தி. தம்பி தடுக்கத்தான் வந்திருந்தார், ஆனால் அண்ணன் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கும் ஆசையில் சுவரோரமாக நின்றுகொண்டார். மனைவி குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியகத்தி கிடாயின் தலையில் கையை வைத்தார். நாலு தையல் போட்ட அதே கை. குனிந்து அதன் காதோரமாக ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா!" என்றாள் அக்கா.

"கடையில நடந்த தப்பை மன்னிச்சு விட்டுடணும்."

"கடை தானா நடக்குமா? ஆளைச் சொல்லு. யாரு பண்ணின தப்பு?"

"தெரியாம நடந்தது..."

"யாரு பண்ணினதுன்னுதானே கேட்டேன்?"

மச்சான் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. உதட்டைக்கூடச் சேர்த்துவிட்டார். அப்போதுதான் அவருக்கே ஒன்று உறைத்தது. இந்த எட்டு மாதத்தில் அந்தப் பொய்யை அவர் ஒரு தடவைகூட முழுசாகச் சொன்னதில்லை. அதிகாரியிடம் சொன்னது உண்மை. மற்றவர்களிடம் பேசாமலே இருந்தார், அவ்வளவுதான். இன்றைக்கு முதல்முறையாக அதை முழுசாகத் தன் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் இந்த மூன்று பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு. கைக்கடியில் கிடாயின் தலை சூடாக இருந்தது. அது பாட்டுக்கு எதையோ மென்றுகொண்டிருந்தது. அவருக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது, அதைவிடப் பெரிதாகக் களைப்பாக இருந்தது.

"நான்தான்" என்றார். "குளிர் அறையை நிறுத்தினது நான். மறந்தது நான். காலையில வந்து பார்த்தேன், தெரிஞ்சேதான் வித்தேன். மச்சான் சுவிட்சைத் தொடவே இல்லை."



"அப்போ உன் மச்சான் பலி கேட்டது..." என்று அக்கா இழுத்தாள்.

"பலி இல்லக்கா, பழி. அவனுக்கு அந்த எழுத்து வராதுன்னு உனக்குத் தெரியாதா? எனக்கு அன்னைக்கே தெரியும். ஆடுன்னா சுலபம்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

மனைவி குழாயை மூடினாள். "என் தம்பி என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான், நான் தொடலக்கான்னு. கையை உதறிட்டு வந்தேன். உங்களை நம்பி உதறிட்டு வந்தேன்." அவ்வளவுதான் சொன்னாள். வாளியை வைத்துவிட்டு, பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு சந்தைப் பக்கமாக நடந்தாள். செருப்புக்கூடப் போடவில்லை.

அக்கா கிடாயின் பக்கமாகத் திரும்பினாள். "சரி, சொல்லிட்டான். இப்ப வெட்டணும்."

"சொல்லியாச்சுல்ல, இனி எதுக்குக்கா வெட்டணும்?" என்றார் தம்பி.

"பாதியில விடுறதா?"

"முழுசா முடிஞ்சதுங்கிறேன், பாதிங்கிறியே!"

பெரியகத்தி இருவரையும் பார்த்தார். கயிற்றைத் தம்பி கையில் கொடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. நாலு பேர் காதுல விழணும்னு சொன்னியேக்கா, முன்னால எட்டுப் பேர் நிக்கிறாங்க." இப்போது பழைய குரல் வந்துவிட்டது.

ஷட்டரை முழுசாகத் தூக்கினார். "இன்னைக்கு வியாபாரம் கிடையாது. ஒரு விஷயம் சொல்றேன், கேட்டுட்டுப் போங்க." முற்றத்தில் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மறுபடி சொன்னார். "மச்சான் மேல போட்ட பழி என்னோடது. நான் போட்டது. இன்னைக்கே போய் அதிகாரிகிட்ட எழுதிக் கொடுக்கப் போறேன். கடையை மூடச் சொன்னா மூடுவேன்" என்றும் சொன்னார். ஒருவர் காறித் துப்பினார். ஒரு பெண் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "உன் வாய் இன்னைக்குத்தான்யா உருப்படியா ஒண்ணு பேசியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கெல்லாம் அவர் தயாராகத்தான் இருந்தார்.

அப்புறம் தெருவைக் கடந்து தையல் கடைக்குள் நுழைந்தார். மிஷின் நின்றிருந்தது. தெருவில் பேசியது அத்தனையும் தையல்காரம்மாவுக்குக் கேட்டிருந்தது. ஒரு சட்டையின் கை ஊசிக்கடியில் பாதி தைத்தபடி கிடந்தது. திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்து நின்றார். அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது.

"என் பொண்ணு பிழைச்சுக்கிட்டா" என்றாள் அவள். "அவளை விடு. உன் மச்சான் என் கடை வழியாத்தான் தினமும் மூட்டை தூக்கிட்டுப் போவான். ஒவ்வொரு தடவையும் அவன் கேக்கிற மாதிரி சாபம் விட்டேன். ஒருநாள் பழம் வாங்கிட்டு வந்து, பாப்பா எப்படி இருக்கான்னு கேட்டான். அதைப் பிடுங்கி அவன் மூஞ்சியிலேயே எறிஞ்சேன். குனிஞ்சு பொறுக்கிட்டுப் போனான்." அவள் உதடு கோணியது. "நீ பண்ணினதை நீ சொல்லிட்டே. நான் பண்ணினதுக்கு நான் எங்கய்யா போவேன்? எந்த ஆட்டை வெட்டச் சொல்ற?"

தன் பொய்க்கு உள்ளே இன்னொருவரின் பாவமும் எட்டு மாதமாக வளர்ந்துகொண்டிருந்ததைப் பெரியகத்தி நினைத்தே பார்க்கவில்லை.

"சந்தைக்குத்தான் போறேன்" என்றார். "நீங்களும் வாங்கம்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மிஷின்மேல் துணியைப் போட்டு மூடினாள்.

"நீ முன்னால நட" என்றாள். "உன் மூஞ்சியை அவன் முதல்ல பார்க்கட்டும்."

அவர் முன்னால் நடந்தார்.